ஜீப் குடித்த பெட்ரோல்

நண்பன் ஒருவன் பழைய ஜிப்ஸி வாங்கினான். சாஃப்ட் டாப், பெட்ரோல், ஃபோர் வீல் டிரைவ். வாங்கிய மூன்றாவது வாரமே பெங்களூரிலிருந்து ஸ்பிதி பள்ளத்தாக்குக்குக் கிளம்புவதாக முடிவு. இரவு பதினொன்றரைக்கு மெசேஜ் வந்தது: "மச்சி, நார்மல் பெட்ரோல் போதுமா, பவர் பெட்ரோல்தான் போடணுமா? மலை ஏறணும்ல."

நார்மல் போதும், வண்டியோட மேனுவல்ல என்ன எண் போட்டிருக்கோ அதுதான், என்று பதில் அனுப்பினேன். அவனுக்குத் திருப்தியில்லை. "91னா கொஞ்சம் வீக்கா இருக்காதா? 95 ஸ்ட்ராங் இல்லையா?"

இந்தக் கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்! மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு, படித்த படிப்பு பயன்படுவது இந்த மாதிரி நடுராத்திரி மெசேஜ்களில்தான். ஆனால் அன்று தூக்கம் போய்விட்டது. 91, 95 என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்ட ஆரம்பித்து, ஒரு பைன் மரம், ஒரு டாங்கி, பைத்தியம் பிடித்துச் செத்த ஐந்து தொழிலாளர்கள் என்று எங்கெங்கோ போய்விட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவனுடைய "ஸ்ட்ராங்". சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும், தெரியும்தானே? காற்றை நெருக்கினால் சூடாகும். இன்ஜின் சிலிண்டருக்குள்ளும் அதேதான் நடக்கிறது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே வருகின்றன, பிஸ்டன் மேலே ஏறி அதை நெருக்குகிறது, சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி தட்டுகிறது. தீ அந்தப் பொறியில் தொடங்கி, வைக்கோல் போரில் பரவுகிற மாதிரி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒழுங்காகப் பரவ வேண்டும். ஆனால் தீ வந்து சேர்வதற்குள், மூலையில் காத்திருக்கும் கலவை சூட்டையும் அழுத்தத்தையும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொண்டால்? அது எரிதல் இல்லை, வெடிப்பு. உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்கும். ஒர்க்‌ஷாப்பில் "நாக்கிங்" என்பார்கள், "இன்ஜின் தட்டுது" என்பார்கள். ரொம்ப நாள் தட்டவிட்டால் பிஸ்டனில் ஓட்டையே விழும்.

ஆக்டேன் எண் சொல்வது இந்த ஒரு விஷயத்தைத்தான்: பெட்ரோல் தன் முறை வரும்வரை பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு பொறுத்திருக்கும் என்பதை. 95-க்கு 91-ஐவிடப் பொறுமை அதிகம், அவ்வளவே. லிட்டருக்கு இருக்கும் சக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். கலவையை அதிகம் நெருக்கும் இன்ஜினுக்கு அந்தப் பொறுமை வேண்டும். நெருக்காத இன்ஜினுக்கு அதைக் கொடுத்தால், அது பாட்டுக்கு எரித்துவிட்டுப் போகும், நம் பர்ஸ்தான் இளைக்கும். "பவர்" என்று பங்கில் பெயர் வைத்தவர்கள் பலே ஆட்கள்.

இதெல்லாம் எந்த டெக்ஸ்ட்புக்கிலும் உண்டு. நான் மாட்டிக்கொண்டது வேறொரு இடத்தில். கரடுமுரடான பாதையில் போகிற வண்டிகளின் வரலாற்றைப் பார்த்தால், அவை பெரும்பாலும் மட்டமான பெட்ரோலுக்காகவே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. தெரிந்தே, திட்டமிட்டு.

முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் டாங்கியிலிருந்து ஆரம்பிக்கலாம். ரோடே இல்லாத இடத்தில் போவதற்கென்றே கட்டிய வண்டி அது. முதலில் வந்த டாங்கிகளில் 105 குதிரைத்திறன் டைம்லர் இன்ஜின். அது எண்ணெயை எரித்துப் புகை கக்கும், புகையைப் பார்த்து எதிரி குறிவைப்பான். புதிய இன்ஜின் செய்யும் வேலை ஹாரி ரிக்கார்டோ என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. அவருக்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று விசித்திரமானது. நல்ல பெட்ரோல் எல்லாம் விமானங்களுக்குப் போய்விடும், டாங்கிக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும், அதில் ஓட வேண்டும். இன்றைய கணக்கில் அந்தப் பெட்ரோலின் ஆக்டேன் சுமார் 45 என்று பின்னால் மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் பங்கில் கிடைப்பதில் பாதி! ரிக்கார்டோ 1917-இல் 150 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் இன்ஜினைச் செய்தார். அடுத்த ஆண்டு மார்க் 5 டாங்கியில் அது களத்துக்குப் போனது. புகை குறைந்தது, மட்டமான பெட்ரோலிலும் ஓடியது.

ரிக்கார்டோவுக்கு அப்போது ஆக்டேன் என்ற எண் தெரியாது, ஏனென்றால் அது பிறக்கவே இல்லை. ஆனால் தட்டுவது பெட்ரோலின் குணம், இன்ஜினின் கோளாறு மட்டுமல்ல என்பதை முதலில் கண்டுகொண்டவர்களில் அவர் ஒருவர். போருக்குப் பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்த விகிதத்தை மாற்றக்கூடிய ஒரு சோதனை இன்ஜினைக் கட்டி, ஒவ்வொரு எரிபொருளும் எந்த அழுத்தத்தில் தட்ட ஆரம்பிக்கிறது என்று வரிசைப்படுத்தினார். அந்த வரிசையில் உயரத்தில் நின்றவற்றில் ஒன்று ஆல்கஹால். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே காலத்தில் அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் இன்னொருவர் இதே சத்தத்தைத் துரத்திக்கொண்டிருந்தார். தாமஸ் மிட்ஜ்லி. அவருடைய முதலாளி சார்லஸ் கெட்டரிங், காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கொடுத்தவர். கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷனால்தான் இன்ஜின் தட்டுகிறது என்று ஊரே பழிசொன்னதால், அந்தப் பழியைத் துடைக்க மிட்ஜ்லியை இறக்கினார். மிட்ஜ்லியின் முதல் யோசனை ஒரு பூச்செடியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பனி இருக்கும்போதே பூக்கும் ஒரு செடி, அதன் இலையின் அடிப்பக்கம் சிவப்பு. சிவப்பு வெப்பத்தை நன்றாக உறிஞ்சுகிறதோ? அப்படியானால் எரிபொருளுக்குச் சிவப்புச் சாயம் போட்டால் சீக்கிரம் ஆவியாகி ஒழுங்காக எரியுமோ? சாயம் தேடினார், கிடைக்கவில்லை. கையில் இருந்த அயோடினைக் கலந்தார். தட்டுவது குறைந்தது! பிறகு நிஜமான சிவப்புச் சாயங்களைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. நிறத்துக்கும் தட்டலுக்கும் சம்பந்தமே இல்லை, வேலை செய்தது அயோடின். தவறான கோட்பாடு, சரியான விளைவு. கோடு எழுதுகிறவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

அதன்பின் ஆண்டுக்கணக்கில் கண்ணில் பட்டதையெல்லாம் கலந்து பார்த்தார்கள். அனிலின், செலினியம், டெலுரியம். டெலுரியம் நன்றாக வேலை செய்தது, ஆனால் வேலை செய்தவர்கள் உடம்பில் அழுகின பூண்டு நாற்றம் ஏறி, குளித்தாலும் போகவில்லை. 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கலந்தார்கள். தட்டல் அடங்கிவிட்டது. 1,260 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு போதும்.

இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஈயம் இல்லாமல் வழியே இருக்கவில்லையா என்றால், இருந்தது. அது மிட்ஜ்லிக்கே தெரியும். 1920-இல் ஆல்கஹால் கலந்த எரிபொருளுக்கு அவர் காப்புரிமை விண்ணப்பம் போட்டார். 1921 அக்டோபரில், ஈயத்தைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு மாதம் முன்னால், 30 சதவீத ஆல்கஹால் கலந்த எரிபொருளில் ஓடும் ஒரு உயர் அழுத்தக் காரை டேட்டனிலிருந்து இண்டியானாபொலிஸ் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், பொறியாளர்கள் கூட்டத்தில் காட்டினார். வண்டி தட்டவில்லை. ஆனால் ஆல்கஹாலை எந்த விவசாயியும் வடித்துக்கொள்ளலாம். அதற்கு யாரும் தனியாகச் சொந்தம் கொண்டாட முடியாது. மூன்றில் ஒரு பங்கு கலந்தால் எண்ணெய்க் கம்பெனியின் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஈயமோ ஒரு சொட்டு போதும், உரிமையும் கையில் இருக்கும். ஆல்கஹால் போதுமான அளவில் கிடைக்காது என்ற வாதமும் இருந்தது, அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாதுதான். ஆனால் முடிவைத் தீர்மானித்தது அது மட்டும் என்று நான் நம்பவில்லை.

1923 பிப்ரவரி 2 அன்று டேட்டனில் ஒரு பங்கில் ஈயப் பெட்ரோல் முதலில் விற்கப்பட்டது. பெயர் "எத்தில்". ஈயம் என்ற சொல் பெயரில் இல்லை. அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சியின் ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து அதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கின. 1924 அக்டோபரில், நியூ ஜெர்சி பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிதற்ற ஆரம்பித்தார்கள். இல்லாததைக் கண்டு அலறினார்கள். ஐந்து பேர் செத்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஆலையில் ஏற்கெனவே அதற்குப் "பைத்தியக்கார வாயு" என்றுதான் பெயர். மிட்ஜ்லி அந்த மாதக் கடைசியில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, அவர்கள் கண்ணெதிரே அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்து, முகர்ந்தும் காட்டினார். தினமும் இப்படிச் செய்தாலும் ஒன்றும் ஆகாது என்றார். போன ஆண்டுதான் ஈய நஞ்சு ஏறி, வேலையை விட்டு மியாமியில் போய் ஓய்வெடுத்துவிட்டு வந்திருந்தார்.

1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு ஒரு மாநாடு கூட்டியது. தொழில்சார் நோய்களில் அன்றைக்கு அமெரிக்காவின் முதன்மை நிபுணரான அலிஸ் ஹாமில்டன், யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சன் போன்றவர்கள் இதைத் தெருவில் விடாதீர்கள் என்று வாதாடினார்கள். மறுபக்கம் ஸ்டாண்டர்ட் ஆயில்காரர் ஒருவர் இதைக் கடவுள் கொடுத்த வரம் என்கிற அளவுக்குப் பேசினார். குழு ஒன்று சில மாதங்கள் சோதித்துவிட்டு, தடை செய்யப் போதுமான காரணம் இல்லை, தொடர்ந்து ஆராய வேண்டும் என்றது. விற்பனை மறுபடி தொடங்கியது. அந்தத் தொடர் ஆராய்ச்சி பல பத்தாண்டுகளுக்குக் கம்பெனிகளின் பணத்தில்தான் நடந்தது. எத்தில் பெட்ரோலைக் கை கழுவவும் துணி வெளுக்கவும் பயன்படுத்திவிடக் கூடாது என்று அடையாளத்துக்குச் சிவப்புச் சாயம் கலந்தார்கள். மிட்ஜ்லி முதலில் தேடிக் கிடைக்காத அதே சிவப்பு.

இத்தனைக்கும் அதுவரை பெட்ரோலின் பொறுமையை அளக்க எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் இல்லை. அதைக் கொடுத்தவரும் எத்தில் கம்பெனிக்காரர்தான், கிரஹாம் எட்கர். 1926 வாக்கில் அவர் இரண்டு தூய திரவங்களை எடுத்துக்கொண்டார். ஐசோ ஆக்டேன், லேசில் தட்டாது, அதற்கு 100. ஹெப்டேன், தொட்டதற்கெல்லாம் தட்டும், அதற்கு 0. சோதிக்கும் பெட்ரோல் எந்தக் கலவையைப் போலத் தட்டுகிறதோ, அந்தக் கலவையில் உள்ள ஐசோ ஆக்டேன் சதவீதம்தான் அதன் எண். நம் 91 பெட்ரோலில் 91 சதவீதம் ஆக்டேன் இருக்கிறது என்று அர்த்தமில்லை. 91-க்கு 9 என்று கலந்த கலவை மாதிரி நடந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பூஜ்ஜியம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கலிஃபோர்னியாவின் ஜெஃப்ரி பைன் மரத்திலிருந்து. பெரும்பாலான பைன் மரங்களின் பிசினில் டர்பன்டைன் வரும். இதிலோ கிட்டத்தட்ட சுத்தமான ஹெப்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டர்பன்டைன் காய்ச்சியவர்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இன்னொரு பைன் என்று நினைத்து இதன் பிசினைக் கொப்பரையில் ஊற்றி, கொப்பரை வெடித்துச் சிதறியிருக்கிறது. உலகத்துப் பெட்ரோல் பங்குகளின் எண்கள் எல்லாம் ஒரு மரத்தின் பிசினை அடிப்படையாகக் கொண்டு தொடங்கின என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஆய்வகத்தில் ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் அளக்கும் எண்ணும், ரோட்டில் ஓடும் வண்டியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க 1932-இல் பென்சில்வேனியாவின் யூனியன்டவுன் அருகே ஒரு மலையேற்றத்தில் கார்களை வரிசையாக ஏற்றினார்கள். ஒத்துப்போகவில்லை. மேட்டில் மூச்சுவாங்க ஏறும் வண்டிக்குள் பெட்ரோல் ஆய்வகத்தில் காட்டிய பொறுமையைக் காட்டவில்லை. அதனால் இன்னும் கடுமையான, கலவையைச் சூடாக்கி வேகத்தைக் கூட்டி அளக்கும் இரண்டாவது முறை வந்தது. இன்றைக்கும் இரண்டு எண்கள் உண்டு. மிதமான சோதனையில் வருவது ஆர்ஓஎன், கடுமையானதில் வருவது எம்ஓஎன். இந்தியாவில் பங்கில் எழுதியிருப்பது ஆர்ஓஎன். அமெரிக்காவில் இரண்டின் சராசரி. அதனால்தான் அமெரிக்க யூடியூப்காரர் தன் ஜீப்புக்கு 87 போடுகிறேன் என்று சொன்னால், அது கிட்டத்தட்ட நம் 91. நண்பன் பார்த்த வீடியோக்களில் பாதிக் குழப்பம் இதுதான்.

மலையேற்றத்தில் சோதித்தது தற்செயல் அல்ல. ஆஃப்ரோடு வண்டியின் வாழ்க்கையை யோசித்துப் பாருங்கள். முதல் கியர், மெதுவான வேகம், ஆக்ஸிலரேட்டர் அடி வரை மிதித்திருக்கும், முன்னாலிருந்து காற்று வராது, ரேடியேட்டர் கொதிக்கும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது மூலையில் இருக்கும் கலவைக்குத் தானாகப் பற்றிக்கொள்ள நேரமும் அதிகம். தட்டுவதற்கு இதைவிடத் தோதான சூழ்நிலை கிடையாது. அப்படியென்றால் இந்த வண்டிகளுக்கு உயர்ந்த ஆக்டேன் அல்லவா வேண்டும்? ஆனால் இவை போகிற இடத்தில் உயர்ந்த ஆக்டேன் கிடைக்காது. வடிவமைத்தவர்கள் இந்த முடிச்சை ஒரே வழியில் அவிழ்த்தார்கள்: அழுத்தத்தைக் குறைத்தார்கள்.

வில்லிஸ் ஜீப் இதற்குச் சரியான உதாரணம். 1940-இல் அமெரிக்க ராணுவம் இலகுவான வேவு வண்டி கேட்டபோது வில்லிஸ் கம்பெனியிடம் டெல்மர் ரூஸ் மேம்படுத்தி வைத்திருந்த ஒரு நான்கு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன், அழுத்த விகிதம் 6.48. இன்றைய கார்களில் 10, 11 எல்லாம் சாதாரணம். 6.48 என்றால் 68 ஆக்டேன் பெட்ரோலே போதும். அதே போரில் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் 100 ஆக்டேன் குடித்தன. அந்த 100-க்காக சுத்திகரிப்பு ஆலைகள் ராப்பகலாக ஓடின. வானத்தில் பறப்பவனுக்கு 100, சகதியில் உருள்பவனுக்கு 68. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தன. வட ஆப்பிரிக்க மணலிலும் பர்மா சேற்றிலும் அவை ஓடியதற்கு ஃபோர் வீல் டிரைவ் ஒரு காரணம் என்றால், கொடுத்ததைக் குடித்தது இன்னொரு காரணம். இதற்கு ஒரு விலை உண்டு. அழுத்தம் குறைந்தால் அதே பெட்ரோலில் கிடைக்கும் வேலையும் குறையும், ஜீப் பெட்ரோலை மொடக் மொடக்கென்று குடிக்கும். ஆனால் பேனட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, பொறி தட்டும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் இன்னும் மட்டமானதிலும் சமாளிக்கும். ராணுவத்துக்கு வேண்டியது அதுதான்.

1947-இல் மஹிந்திரா இந்தியாவில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது. பிற்பாடு நம் மலைகளில் ஜீப் என்றால் டீசல் என்றாகிவிட்டது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு எலும்பு கழல ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அந்த ஜீப்களிடம் ஆக்டேன் பற்றிக் கேட்டால் சிரிக்கும். டீசலில் தானாகப் பற்றிக்கொள்வதுதான் வேலையே, அதற்கு வேறு எண். பெட்ரோலில் மிஞ்சியது ஜிப்ஸி. 1985-இல் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த இன்ஜினோடு வந்து, பிறகு 1.3 லிட்டராகி, ராணுவத்தோடு லடாக் வரை போனது. நண்பனுக்கு அந்த வண்டி மேல் பித்து வந்ததற்கு அதுவே காரணம்.

ஈயத்துக்குத் திரும்புகிறேன். சாதாரணக் கார்கள் ஜீப்பின் வழியில் போகவில்லை. போருக்குப் பிறகு அமெரிக்கக் கார்களின் அழுத்த விகிதம் ஏறிக்கொண்டே போய், அறுபதுகளில் 10-ஐத் தொட்டது. அந்த ஏற்றத்துக்கு ஏணியாக இருந்தது ஈயம். ஒவ்வொரு லிட்டரிலும் இருந்த ஈயம் புகைக்குழாய் வழியாக வெளியே வந்து தெருவில் படிந்தது. கிளேர் பேட்டர்சன் என்ற புவி வேதியியலாளர் விண்கல்லில் உள்ள ஈயத்தை வைத்துப் பூமியின் வயதை 455 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டவர். அந்த அளவீட்டுக்கு அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது, எங்கே தொட்டாலும் ஒட்டிக்கொண்டிருந்த ஈயம்தான். ஆய்வகத் தூசியில், தண்ணீரில், தன் தலைமுடியில். எங்கிருந்து வருகிறது இவ்வளவு என்று கடல்நீரிலும் துருவப் பனியிலும் தேடிப்போனார். 1965-இல் அவர் எழுதிய கட்டுரை, மனித உடலில் இருக்கும் ஈயம் இயற்கையானது என்று கம்பெனி ஆதரவு பெற்ற விஞ்ஞானிகள் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை உடைத்தது. 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து, ஈயம் அதிகம் இருந்த பிள்ளைகள் படிப்பிலும் கவனத்திலும் பின்தங்கியதைக் காட்டினார். ஆனால் ஈயத்தை முதலில் வெளியேற்றியது இந்த இரண்டு பேருமில்லை, ஒரு உதிரிபாகம். 1975 முதல் அமெரிக்கக் கார்களில் வந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை ஈயம் பாழாக்கிவிடும். குழந்தையின் மூளைக்காக நகராத சட்டம் கன்வெர்ட்டருக்காக நகர்ந்தது என்று சொன்னால் கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் கொஞ்சம்தான். 1976-க்கும் 1980-க்கும் இடையில் மட்டும் அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஈயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

1996 முதல் அங்கே முழுத் தடை. அதிலும் ஒரு வேடிக்கை, தடை ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கு மட்டும். ரோட்டை விட்டு இறங்கியவற்றுக்கு, அதாவது ரேஸ் கார்கள், பண்ணை இயந்திரங்கள், விமானங்கள் போன்றவற்றுக்கு விலக்கு. சிறு விமானங்களின் பெட்ரோலில் ஈயம் இன்னமும் இருக்கிறது.

இந்தியாவில் 1995-இல் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது, கன்வெர்ட்டர் வைத்த புதுக் கார்களுக்காக. நாடு முழுக்க ஈயம் நின்றது 2000 பிப்ரவரி 1 அன்று. அன்றைக்கு எனக்கு வயது பதினொன்று. அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போன வருஷங்கள் எல்லாம் அந்தத் தேதிக்கு முந்தியவை. பங்கில் வண்டி நிற்கும்போது மூச்சை இழுத்து அந்த வாசனையை அனுபவிப்பேன். உங்களில் பாதிப் பேர் இதைச் செய்திருப்பீர்கள். ஈயம் நின்று பல வருஷம் கழித்து, 2009-இல் வெளியான ஓர் ஆய்வு சென்னையின் சின்னப் பிள்ளைகள் எழுநூற்றுச் சொச்சம் பேரின் ரத்தத்தை அளந்தது. சராசரி, அன்று கவலைக்குரிய எல்லை என்று வைத்திருந்த 10 மைக்ரோகிராமுக்கு மேல். அதில் எவ்வளவு பெட்ரோலின் மிச்சம், எவ்வளவு பெயின்ட், பேட்டரிப் பட்டறை என்று பிரித்துச் சொல்ல முடியாது. மண்ணில் விழுந்த ஈயம் எங்கேயும் போவதில்லை. உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. டேட்டன் பங்கிலிருந்து அதுவரை தொண்ணூற்றெட்டு வருஷம்.

ஈயம் போன இடத்தை சுத்திகரிப்பு முறைகளும் வேறு சேர்மங்களும் நிரப்பின. இப்போது நம் பங்குகளில் அந்தப் பழைய ஆள் வந்து நிற்கிறார். மிட்ஜ்லி காரில் ஊற்றிக்கொண்டு போன ஆல்கஹால். கரும்பிலும் மக்காச்சோளத்திலும் அரிசியிலும் வடித்த எத்தனாலை 20 சதவீதம் கலந்த இ20-ஐ 2023-இல் சில பங்குகளில் ஆரம்பித்து, 2025-க்குள் நாடு முழுக்கக் கொண்டுவந்துவிட்டார்கள். எத்தனாலின் ஆக்டேன் 108.5, கலக்காத பெட்ரோல் 84.4, கலந்தால் 95 வரை போகும் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்கிறது. அதாவது நண்பன் "வீக்" என்று பயந்த சாதா பெட்ரோலின் பொறுமை, அவன் கேட்காமலேயே ஏறியிருக்கிறது. ஆனால் எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதற்கென்று வடிவமைக்காத பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொன்னது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். கரும்புக்குப் போகும் தண்ணீர்க் கணக்கு தனி வழக்கு. ஆல்கஹாலும் புனிதர் இல்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் குறைகளோடுதான் அவர் ஈயத்துக்குப் பக்கத்தில் நின்றார், அந்தத் தேர்வில் தோற்கடிக்கப்பட்டார் என்பதை நினைத்தால் இ20 பற்றிய சண்டைகளில் எந்தப் பக்கமும் முழுசாகச் சேர முடியவில்லை.

நண்பனுக்கு மறுநாள் காலையில் நீளமாக ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினேன். வரலாற்றை விட்டுவிட்டு வேலைக்கு ஆவதை மட்டும். மேனுவல் சொல்லும் எண்ணைப் போடு. உன் இன்ஜினின் அழுத்த விகிதம் சுமார் 9, டர்போ இல்லை, 95 போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. மேலே போகப் போகக் காற்று மெலிவதால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறையும், குன்சும் கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட 40 சதவீதம் கம்மி, அங்கே இன்ஜின் கேட்கும் ஆக்டேன் இன்னும் குறைவு. அமெரிக்க மலை மாநிலங்களில் இதைச் சொல்லித்தான் இன்னமும் 85 விற்கிறார்கள். டர்போ வைத்த புது வண்டி என்றால் இந்தக் கணக்கு செல்லாது, அது காற்றை அமுக்கித் திணித்துக்கொள்ளும். உனக்குத் தட்டல் வந்தால் மலையில் வராது, நாக்பூர் வெயிலில் லோடோடு மேம்பாலம் ஏறும்போது வரும். வந்தால் காலை எடு, கியரைக் குறை. ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் வாங்காதே. பெட்ரோல் ஹோஸ் எல்லாம் இருபது வருஷ ரப்பர், கிளம்புமுன் மாற்று.

"ஹோஸா? நான் பெட்ரோலைத்தானே கேட்டேன்" என்றான். மாற்றினான்.

பன்னிரண்டு நாள் கழித்து காசாவிலிருந்து கூப்பிட்டான். 3,700 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த ஊர்ப் பங்கில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். முன்னால் இரண்டு புல்லட், ஒரு டெம்போ டிராவலர், ஒரு ராணுவ ஜிப்ஸி.

"நார்மலா பவரான்னு கேட்டேன் மச்சி. அந்தாளு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. இங்க ஒரே பெட்ரோல்தானாம்."